ஹார்லன் தோளில் ஒரு மீன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீனிடமிருந்து கிடைத்தது. எழுதுகிறவர்களிடம் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பெரிய இடத்தைச் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. மீன்தான். நீள மூக்கு ஏரி மீன், கட்டையாக விறைத்தது, கண் திறந்தபடி.

ஜனவரியில் ஒரு காலை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வடக்கு மின்னசோட்டாவில் பாத்திரத் தொட்டிக்கு நேர்மேலே ஜன்னல் வைத்துத்தான் வீடு கட்டுவார்கள். எதிர்வீட்டைப் பார்க்காமல் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. எதிர்வீட்டு ஹார்லன் டோலெஃப்சன் கார் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தான். வலது தோளில் அந்த மீன். தலை முன்னால், வால் பின்னால். அவன் அசையவில்லை. நான் ஒரு கோப்பையைக் கழுவினேன். அசையவில்லை. வாணலியைத் தேய்த்தேன். அசையவில்லை. மூக்கிலிருந்து வரும் ஆவிகூட ஒவ்வொரு முறையும் யோசித்துவிட்டுத்தான் வந்தது.

பூட்ஸ், கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, எதற்குக் கிளம்பினேன் என்பது மறப்பதற்குள் சாலையைக் கடந்தேன்.

"என்ன ஹார்லன்?"

"ஒண்ணுமில்ல பெரிசு. மீனு."

"மீனுன்னு தெரியுது."

"ம்." கொஞ்சம் யோசித்தான். தோள் யோசிக்கவில்லை. "இன்னிக்குக் குளிர் பரவால்ல."

அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபது. எங்கள் ஊரில் ஒருவன் இப்படிச் சொன்னால், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, மீன் நிஜம். அந்த மீனை அந்தத் தோளில் ஏற்றி வைப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் நான் கட்ட வேண்டியிருந்தது: ஒரு மனைவி, ஒரு ஆப்பிரிக்கா, ஒரு லென்ஸ். [மனைவி ஏற்கெனவே இருந்தாள். அதை ஒப்புக்கொள்கிறேன்.]

2

ஆரம்பங்கள் சில எழுதினேன். வீணாக்க மனமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அ) "கென்யாவின் புல்வெளியில் செம்பழமாகச் சூரியன் எழுந்தபோது, அந்தச் சிங்கம்—"

வேண்டாம். நான் அங்கே போனதில்லை. தவிர, இந்தக் கதையில் சிங்கம் வராது. ஒரு கிழட்டுக் குதிரை வரும். சிங்கத்துக்காக வந்தவர்கள் இப்போதே எழுந்து போனால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஆ) "மார்லிஸ் டோலெஃப்சன் கேமராவைத் தூக்கியபோது அவளுடைய வலது கை—"

இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணை அவள் மறைக்கிற இடத்தைச் சுட்டிக் காட்டியா அறிமுகப்படுத்துவது? அந்த மரியாதைக்கேடு என் கதையில் நடக்காது. பிறகு நடக்கும்.

இ) "விருந்தாளிகளுக்கான படுக்கையறையில், கட்டில்மேல், ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய சாமான்கள் எல்லாம் பரத்திக் கிடந்தன."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

கட்டில்மேல் இரண்டு கேமராக்கள். புழுதியில் லென்ஸை மாற்றக் கூடாது, ஆளுக்கு இரண்டு கேமரா உடம்பு வேண்டும் என்று லோவல் சொல்லியிருந்தான். லோவல் என்பவன் எங்கள் ஊர்ப் புகைப்படக் கிளப்பின் தலைவன். அவனைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு, பிறகு சொல்கிறேன். அடுத்து, லோவலிடமிருந்து இரவல் வாங்கிய பெரிய லென்ஸ். அதை மாட்டிய கேமராவைத் தூக்கினால் ஒரு கைக்குழந்தையைத் தூக்கியது போலவே இருக்கும், ஆனால் யாரும் கொஞ்ச மாட்டார்கள். ஒரு நடுத்தர லென்ஸ். எல்லாம் சேர்த்தே செய்த ஒரு சின்ன கேமரா, கிளப்பில் இதற்குப் பெயர் பொம்மை. புழுதிக்குப் போர்த்த இரண்டு தலையணை உறைகள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த ஒரு காலிப் பை. அங்கே போனதும் அதில் அரிசியோ பருப்போ நிரப்பி, வண்டியின் விளிம்பில் போட்டு, அதன்மேல் லென்ஸைச் சாய்க்க வேண்டும். பிறகு பாட்டரிகள். குளிரில் பாட்டரி செத்துவிடும் என்று எங்கள் ஊரில் அவற்றை உள்சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவுக்கு வாங்கிய மெல்லிய சட்டையிலும் மார்லிஸ் உள்பக்கம் கம்பளியில் ஒரு பை தைத்துவிட்டாள். அங்கே குளிராது என்றான் ஹார்லன். அது நமக்கு எப்படித் தெரியும் என்றாள் அவள். கை சூடேற்றும் பொட்டலங்கள் ஆறு வைத்தாள்.

இவ்வளவும் ஒரே பைக்குள், அதுவும் துணிப்பைக்குள், போக வேண்டும். நைரோபியிலிருந்து புல்வெளிக்குப் போகும் குட்டி விமானத்தில் ஆளுக்கு முப்பத்து மூன்று பவுண்டுதான். காலுறை உட்பட.

மார்லிஸுக்கு அறுபத்தேழு வயது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் வருஷாவருஷம் பிள்ளைகளைப் படம் எடுத்தவள். இங்கே யார் வீட்டுச் சுவரிலாவது கண்ணை மூடாத பள்ளிக்கூடப் படம் மாட்டியிருந்தால், அது அவள் எடுத்தது. அடங்காத பிள்ளைகளையே எடுத்துச் சலித்தவளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை அடங்காத மிருகங்களை எடுக்க வேண்டும் என்று ஆசை. கேட்டதற்கு, மிருகங்களுக்குப் பின்னால் அம்மாக்கள் நின்று தலையைச் சீவிவிட மாட்டார்கள் என்றாள்.

ஹார்லன் கவுன்ட்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் எவ்வளவு நிதானமாக ஓட்டுவான் என்றால், ஒரு பிப்ரவரியில் நடுச்சாலையில் தூங்கிய பூனையைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிட்டுப் போனான். பூனை எழவில்லை. வசந்தம் வந்ததும் பனிமேட்டிலிருந்து இறங்கியது.*

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஆட்கள் வந்தாயிற்று, சாமான்கள் வந்தாயிற்று. மீதியை நீங்களே எழுதிக்கொள்கிறீர்களா? எனக்குப் பாத்திரம் கிடக்கிறது.

வேண்டாமா. சரி, பரவாயில்லை.

* அவன் ஏரியில் பனிக்கட்டியில் துளை போட்டு மீனுக்கு உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆந்தை அவன் தொப்பிமேல் முட்டை வைத்ததாகவும் எழுதியிருந்தேன். பிறகு முட்டையை அடித்துவிட்டேன். ஆந்தை மட்டும் போதும்.

3

எங்கள் ஊரில் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும். காப்பி குடிக்கிறீர்களா என்றால் முதல் முறை, ஐயோ உங்களுக்கு எதுக்குச் சிரமம். இரண்டாவது முறை, இல்லை, இப்போதுதான் குடித்தேன். மூன்றாவது முறை, சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால. கோப்பை அதற்குள் நிரம்பியிருக்கும். முதல் முறையே சரி என்று சொல்கிறவன் வெளியூர்க்காரன். இரண்டு முறையோடு கேட்பதை நிறுத்திவிடுகிறவன் கல்நெஞ்சன்.

தட்டில் கடைசித் துண்டையும் யாரும் எடுக்க மாட்டார்கள். அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுப்பார்கள். அடுத்தவர் மிச்சப் பாதியில் பாதி. லூத்தரன் சர்ச்சின் அடித்தள அறையில், பழைய பாதிரியாரின் பிரிவு உபசாரத்துக்குச் செய்த கேக்கின் கடைசித் துண்டு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க லோவலிடம் தனி லென்ஸ் உண்டு.

ஆகஸ்டில், ஏரிக்கரைப் பலகைத் துறையில் இருவரும் மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் முதல் முறை கேட்டாள். கிளப்பில் ஐந்து பேர் கென்யா போகிறார்கள், வண்டியில் ஆறு இருக்கை, நீயும் வருகிறாயா. நான் எதற்கு, நீ போய்விட்டு வா என்றான் ஹார்லன். சரியான பதில்.

நவம்பரில், வான்கோழி விருந்து முடிந்து தட்டுத் துடைக்கும்போது இரண்டாம் முறை கேட்டாள். அந்த ஆறாவது இருக்கை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். எனக்கு இங்கே ஏரி உறையும் நேரம் என்றான். இதுவும் சரியான பதில். தன் பதில்களில் அவனுக்கே ஒரு திருப்தி. மறுநாள் பக்கத்து ஊருக்குப் போய், மருந்துக்கடையில் நின்று, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி எடுக்காத ஒரே படம். கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினான். பாஸ்போர்ட் வந்ததும் தூண்டில் பெட்டியில், ஈயக் குண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்றாவது கேள்விக்குக் காத்திருந்தான்.

டிசம்பர் போயிற்று. கிறிஸ்துமஸ் போயிற்று. கேள்வி வரவில்லை.

4

இப்போது அந்தக் கையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மார்லிஸின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, இந்த வயதில் சிலருக்கு வரும், எதையாவது பிடித்துத் தூக்கும்போது அதிகமாகும் என்று டாக்டர் சொன்னார். மார்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. புத்தாண்டன்று பேரப்பிள்ளைகளை எடுத்த படங்கள் எல்லாம் இழுத்துவிட்ட மாதிரி கலங்கியிருந்தன. ஒவ்வொன்றாக அழித்தாள். பிள்ளைகள் அசைந்துவிட்டார்கள் என்றாள். வாழ்நாள் முழுக்க அசைகிற பிள்ளைகளையே எடுத்தவள்.

ஹார்லன் கண்டுபிடித்தது காப்பியில். ஒரு காலையில் அவள் கோப்பையைத் தூக்கும்போது மேசைவிரிப்பில் ஒரு சொட்டு. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் அவனே எழுந்து காப்பி ஊற்றினான். அவளுக்கு அரைக் கோப்பை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அவன் சொல்லவில்லை. விளிம்பு தளும்பக் குடித்துப் பழகியவள் அந்த அரையைக் குடித்துவிட்டுப் போதும் என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அரைக் கோப்பை.

[இங்கே அன்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். அரைக் கோப்பைக்குப் பக்கத்தில் அது தளும்பியது.]

சிக்கல் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆகஸ்டில் "வர்றியா" என்றால் துணைக்கு வா என்று அர்த்தம். ஜனவரியில் அதையே கேட்டால், என்னைப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். துணைக்குக் கூப்பிடத் தெரிந்த மார்லிஸுக்குத் தாங்கக் கூப்பிடத் தெரியவில்லை. தானாக "வரேன்" என்று சொல்லலாமே என்றால், அது ஹார்லனால் முடியாது. சொன்ன கணமே, உன் கையை நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதாகிவிடும். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு வாக்கியத்தை வாயில் அடக்கிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து பாதிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, சாமான்களைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மார்லிஸ் சொன்னாள். ஹார்லன் பிக்அப் வண்டியை எடுத்தான். அங்கேயும் வண்டிக்குள் இருந்தபடிதானே எடுக்க வேண்டும். ஜீன்ஸ் பையில் நிரப்பப் பருப்பு இல்லாததால், பறவைகளுக்குப் போடும் சூரியகாந்தி விதையை நிரப்பி, அவள் பக்கத்து ஜன்னலில் போட்டுக்கொண்டார்கள். இதன் விளைவாக முதல் அரைமணி நேரம் எல்லாச் சிட்டுகளும் லென்ஸ்மேலேயே உட்கார்ந்திருந்தன, எதையும் எடுக்க முடியவில்லை. [இது பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்வதற்கில்லை.]

பை ஜன்னலில் இருக்கும்வரை சமாளித்தாள். அவள் பக்கத்தில் நின்ற மான் சுமாராக வந்தது. ஆனால் மிருகங்களுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? நுட்சன் பண்ணையின் வேலியருகே, ஹார்லன் பக்கத்தில், ஒரு கிழட்டு வண்டிக்குதிரை வந்து நின்றது. பழுப்பு. முகமெல்லாம் உறைபனி. தன் மூச்சின் ஆவிக்குள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் எஞ்சினை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி, குதிரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். மார்லிஸ் பையை எடுக்கப் பார்த்தாள். குதிரை காது திருப்பியது, போகப் போகிறது. அவள் பையை விட்டுவிட்டு, குறுக்கே சாய்ந்து, அந்தப் பெரிய லென்ஸை அவன் வலது தோளில் வைத்தாள்.

தோளில் வந்து உட்கார்ந்ததும் அவனுக்கு எடை தெரிந்தது. பிறகு நடுக்கம் தெரிந்தது. கோட்டு, ஸ்வெட்டர், உள்சட்டை எல்லாவற்றையும் தாண்டி, தொலைவில் ஓடும் ஒரு எஞ்சினைப் போல. அவன் மூச்சை மெதுவாக வெளியே விட்டான். மறுபடி இழுக்கவில்லை. ஏரியில், கயிற்றின் நுனியில் மீன் யோசிக்கும்போது அப்படித்தான் இருப்பான். நடுக்கம் அவன் தோளுக்குள் இறங்கி, அங்கேயே எங்கோ நின்றுவிட்டது.

கேமரா ஒரு முறை கிளிக் என்றது.

அவள் பின்னால் சாய்ந்து திரையைப் பார்த்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். குதிரையின் மீசை முடி ஒவ்வொன்றிலும் பனிமுத்து, தனித்தனியாக.

"மோசமில்ல" என்றாள்.

எங்கள் ஊரில் இதற்குமேல் வார்த்தை கிடையாது. ஹார்லன் இதை அவள் வாயால் இதற்கு முன் கேட்டது கல்யாணத்தன்று, சர்ச் படியில் இறங்கும்போது.

வீடு திரும்பினார்கள். மூன்றாவது கேள்வி வண்டிக்குள் நடுவில் உட்கார்ந்து வந்தது. சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தது.

6

லோவலைப் பற்றி.

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்றுதான் அவனை வைத்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. தன் லென்ஸை இரவல் கொடுத்துவிட்டான். எந்தக் கெட்டவன் இரவல் கொடுப்பான்? மூன்று வரைவுகளில் அவனுக்குக் கோணல் சிரிப்பு கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்லவன், ஆனால் வாய் நிற்காதவன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தவன், தெரிந்த எல்லாவற்றையும் போனில் சொல்கிறவன்.

குதிரைக்கு மறுநாள் அவன் போன் செய்தான். மார்லிஸுக்கு ரிசீவரைத் தூக்கிப் பிடிப்பது சிரமமாகிவிட்டதால், கை வேலையாக இருக்கிறது என்று சொல்லி ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஹார்லன் மேசையருகே தூண்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். காலி இருக்கைக்கு ஆள் உண்டா இல்லையா என்று சனிக்கிழமை மதியம் பயண ஏற்பாட்டாளர்களுக்குச் சொல்ல வேண்டும், அப்போது கூப்பிடுகிறேன் என்றான் லோவல். ஆள் இல்லையென்றால் அந்த இருக்கை மார்லிஸ் பக்கத்தில்தான், சாமான் பையை வைத்துக்கொள்ளலாம்.

"என்னைக் கேட்டா பையே நல்லது" என்றான். "மனுஷன் பக்கத்துல உக்காந்தா வண்டி ஆடும். தும்முவான், திரும்புவான், எங்க எங்கன்னு கேப்பான். பை ஆடாது பாரு."

ஹார்லன் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்து அவனுடைய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது அன்றுதான்.

மறுநாள் காலை அவன் கார் ஷெட்டுக்குப் போனான். அங்கே உறைபெட்டியில் போன வாரம் பிடித்த மீன்கள் இருந்தன. ஸ்பிரிங் தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்து, லென்ஸும் கேமராவும் சேர்ந்தால் என்ன எடையோ அந்த எடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஏழு பவுண்டு. தோளில் வைத்தான். கதவைத் திறந்து வைத்தான், மீன் இளகக் கூடாது அல்லவா. பையைவிட அசையாமல் நிற்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டில் ஒரு கிழவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

ஆக, மீன் தோளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் வேலை முடிந்தது. நான் நிறுத்த வேண்டிய இடம் இது. இதற்குமேல் உங்களுக்கு இவர்களை என்னைவிட நன்றாகத் தெரியும், நானோ எதிர்வீட்டுக்காரன், ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறேன். இரண்டாவது முறை கேட்கிறேன். முடிவை நீங்கள் எழுதுகிறீர்களா?

இல்லையா. புரிகிறது. நீங்களும் இப்போதுதான் காப்பி குடித்திருப்பீர்கள்.

7

சனிக்கிழமை காலை. மார்லிஸ் எல்லாவற்றையும் பையில் அடுக்கிவிட்டாள். எடை பார்க்கத் தராசு வேண்டும். ஹார்லன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்ததால் அவளே கார் ஷெட்டுக்குப் போனாள்.

தராசு ஆணியில் தொங்கியது. அதன் கீழே பலகைமேல் ஒரு மீன் கிடந்தது. மீனின் அடிவயிற்றில், லென்ஸுக்குப் பிடி இருக்கும் இடத்தில், கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முதுகில், அவள் லென்ஸுக்குப் போர்த்தும் அதே தலையணை உறையின் ஜோடி. சிமென்ட் தரையில், பனியும் மண்ணும் சேர்ந்து இரண்டு காலடி. அந்த இரண்டு மட்டும். ஒரே இடத்தில் பல நாள் நின்றவனின் காலடி.

அவள் மீனைத் தராசில் மாட்டினாள். கை நடுங்கியதில் முள்ளும் நடுங்கியது. ஏழாம் எண்ணை நடுவில் வைத்துக்கொண்டு ஆடியது.

அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கழுவப் பாத்திரம் தீர்ந்துவிட்டது. கழுவியதையே கழுவினேன்.

உள்ளே வந்தபோது ஹார்லன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் தராசை நீட்டினாள். அவன் பையை மாட்டித் தூக்கிப் பிடித்தான். அவன் கையில் முள் சாமியாராக நின்றது.

"நாப்பது" என்றான்.

"ஏழு அதிகம்."

"ஏழு அதிகம்."

"பெரிய லென்ஸயும் அத மாட்டுற கேமராவையும் விட்டுட்டா சரியா இருக்கும்" என்றாள் மார்லிஸ்.

"இருக்கும்."

"பொம்மையே போதும்னு பாக்கறேன்."

அவன் பையைக் கீழே வைத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. லோவல் சொன்னால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிறவன்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: மார்லிஸ் அவனைப் பார்த்துச் சொல்கிறாள். "எனக்குக் கை நடுங்குது ஹார்லன். நீ கூட வந்தாத்தான் முடியும்." அவன் சொல்கிறான், "சரி, நீ இவ்வளவு தூரம்—"

எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாமலேயே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. பிரசவ வலியிலேயே சொன்னதில்லை. மார்லிஸ் என் பேனாவைப் பார்த்த பார்வையில் நானே அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: ஹார்லன் கூரையைப் பார்த்தபடி சொல்கிறான். "ரெண்டு பேரா போனா இன்னொரு முப்பத்து மூணு பவுண்டு எடுத்துட்டுப் போலாம். எனக்கு ஒரு சட்டை போதும்." அவள் சொல்கிறாள், "அதுவும் சரிதான்." அவன் தூண்டில் பெட்டியைத் திறக்கிறான். முடிந்தது.

இதில் எனக்கு மயக்கமே வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை, ஆனால் எல்லாம் நடந்துவிட்டது. எங்கள் ஊரே பாராட்டும். நல்ல தாளில் படியெடுத்தேன். மறுநாள் படித்தபோது ஒரு சங்கடம். இந்த முடிவில் ஹார்லன் சாமானாகத்தான் ஆப்பிரிக்கா போகிறான். அவள் கையை மறைத்துக்கொண்டே போகிறாள். அவன் பார்க்காதது போலவே போகிறான். சிங்கத்துக்கு எதிரிலும் அரைக் கோப்பை, திரும்பி வந்தும் அரைக் கோப்பை, சாகும்வரை அரைக் கோப்பை. இவ்வளவு தூரம் இவர்களோடு இருந்துவிட்டு அதற்கு என் கை வரவில்லை.

அதனால், நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைத் துடைத்துவிட்டு, சும்மா பார்த்தேன்.

9

மார்லிஸ் அடுப்பருகே போனாள். காப்பிக் கெண்டியைத் தானே எடுத்தாள். ஹார்லன் பாதி எழுந்தான். அவள் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய கோப்பையை எடுத்து விளிம்பு வரை ஊற்றினாள். கெண்டி கோப்பையில் மோதும் சத்தம் சாலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. [கேட்கவில்லை. ஆனால் கேட்டது.]

பிறகு அந்த நிறைந்த கோப்பையை வலது கையில் எடுத்தாள். அந்தக் கையில்தான். இடது கையைத் துணைக்குக் கொண்டுவரவில்லை. அடுப்பிலிருந்து மேசைக்கு நடந்தாள்.

காப்பி தளும்பியது. சட்டைக் கையில், விரலில், தரையில். அவள் நிற்கவில்லை, துடைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு சொட்டுக் காப்பிக்கு மூன்று மன்னிப்பு உண்டு. அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான். முதல் தடவையாக, பார்க்கிறேன் என்று தெரியும்படி பார்த்தான்.

கோப்பை மேசைக்கு வந்து சேர்ந்தபோது பாதிதான் இருந்தது.

ஹார்லன் அதைப் பார்த்தான். எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"எனக்கும் இது போதும்" என்றான்.

மார்லிஸ் எதிரில் உட்கார்ந்தாள். கையை மேசைமேல் வைத்தாள். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் கொண்டுபோகவில்லை.

"மீனுக்கு டேப்பு சுத்தியிருந்துச்சே" என்றாள்.

"ஆமா."

"அசையுதா?"

"மீனா?"

"தோளு."

அவன் யோசித்தான். "மோசமில்ல."

அவள் சிரித்தாளா என்பது இங்கிருந்து தெரியவில்லை, தலை திரும்பியிருந்தது. பிறகு அவள் ஒன்று சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன், மீதி என் வேலை. ஆனால் இது ஒன்றை மட்டும் நான் கட்டவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன், நீங்கள் என் சத்தியத்தை என்ன செய்வீர்கள் என்பது வேறு விஷயம்.

"ஹார்லன், அங்க எனக்கு யாரு அரைக் கப்பு ஊத்தித் தருவா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது—

லோவல். சொன்ன நேரம். வாய் நிற்காதவன் என்று சொன்னேன் அல்லவா.

போன் சுவரில் இருக்கிறது, மேசைக்கும் கதவுக்கும் நடுவில். இருவரும் அதைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் முதல் மணிக்கே போனை எடுத்தால் வேறு வேலை இல்லாதவன் என்று நினைப்பார்கள். இரண்டாவது மணி, கையைத் துடைத்துக்கொள்வதற்கு. மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பார்கள்.

நான் இங்கிருந்து எடுக்க முடியாது. நடுவில் சாலை இருக்கிறது, பூட்ஸ் மாட்ட வேண்டும், என் வயது உங்களுக்குத் தெரியும். லோவல் கேட்கப் போவது ஒரே கேள்வி: அந்த இருக்கையில் யார், பையா ஆளா? கதையில் இனி மிச்சம் அந்தப் பதில் மட்டும்தான். உங்களை இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் மரியாதையாக மறுத்தீர்கள். ரொம்ப நல்ல வளர்ப்பு.

இப்போது மூன்றாவது முறை கேட்கிறேன்.

போன் இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.